வெளிநாடு போக சைக்கிள் பழகினேன்

"உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்தானே?" என்று அந்த டீச்சர் கேட்டபோது, தெரியும் என்றும் நான் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. சிரித்துவைத்தேன். வீடியோ காலில் சிரிப்பதில் ஒரு வசதி உண்டு. நெட்வொர்க் சரியில்லை என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார்.

அவர் இருந்தது ஜெர்மனியில். நான் இருந்தது நெய்வேலியில், எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில். ஆசிரியர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் எங்கள் பள்ளியையும் அவர் பள்ளியையும் ஜோடி சேர்த்திருந்தார்கள். இரண்டு ஊரிலும் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்பதுதான் காரணம். இங்கே இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் ஊரில் பல சுரங்கங்களை மூடிவிட்டார்கள். கோடை விடுமுறையில் நான் அங்கே போய்ச் சில வாரங்கள் தங்கி, அவர்கள் வகுப்புகளைப் பார்க்க வேண்டும், பாடமும் நடத்த வேண்டும். அடுத்து அவர் இங்கே வருவார்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. அதிலும் புவியியல் என்றால் எனக்கு உயிர். இத்தனை வருடமாகச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் குச்சி வைத்து ஐரோப்பாவைக் காட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றால் எப்படி இருக்கும்! தலைமையாசிரியர் செய்தி சொன்ன அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். என் பங்கைச் சாப்பிட மறந்துவிட்டேன்.

அந்த டீச்சர் ஏன் சைக்கிளைப் பற்றிக் கேட்டார் என்று சொல்ல வேண்டும். அவர் போனைத் திருப்பி ஜன்னல் வழியாக ஒரு ஏரியைக் காட்டினார். கடல் மாதிரி விரிந்து கிடந்தது. "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது சுரங்கம்" என்றார். வெட்டி முடித்த பள்ளத்தில் தண்ணீர் விட்டு ஏரியாக்கிவிட்டார்கள். அதைச் சுற்றி சைக்கிளுக்கென்றே தனிப் பாதை. ஒவ்வொரு வருடமும் அவர் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பாதையில் கூட்டிக்கொண்டு போவார். அங்கங்கே நிறுத்தி, இங்கே மண் எப்படி இருந்தது, இங்கே எந்த ஊர் இருந்தது என்று பாடம் நடக்கும். இந்த வருடம் நானும் கூட வந்து, எங்கள் ஊர்ச் சுரங்கத்தைப் பற்றி வழியிலேயே பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நான் சிரித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. "பிரச்சினை இல்லை. நீங்கள் காரில் வந்து கடைசி இடத்தில் காத்திருக்கலாம்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அத்தனை பிள்ளைகளும் காற்றில் தலைமுடி பறக்க வந்துகொண்டிருக்க, ஒரு கார் பக்கத்தில் கைப்பையோடு நிற்கும் ஒரு அம்மாவை நான் மனதில் பார்த்தேன். அந்த அம்மாவாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். என் கணவருக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பகுதியில் வேலை. முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு உனக்கு இந்த வேல? கார்ல போய் நிக்கச் சொல்றாங்க, நின்னுட்டு வாயேன். ஐரோப்பாவுக்குப் போயி கைகால ஒடச்சிகினு வரணுமா?"

"ஒடைச்சாலும் இங்கயே ஒடைச்சுக்கறேன். இங்கயே பழகிட்டுப் போறேன்."

"நாப்பத்தேழு வயசுலயா?"

"ஏன், நாப்பத்தெட்டு ஆனா வந்துடுமா?"

அவர் மோர் ஊற்றிக்கொண்டே சிரித்தார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு சைக்கிள் தெரியாது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு வருடமும் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. எங்கள் பள்ளியில் அதற்குப் பொறுப்பு நான்தான். லாரியில் வந்து இறங்கும் சைக்கிள்களை எண்ணி, வரிசையாக நிறுத்தி, காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துப் பிள்ளைகள் கையில் ஒப்படைப்பேன். "பார்த்து ஓட்டிட்டுப் போம்மா" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்வேன். எத்தனையோ சைக்கிள்கள் என் கை பட்டுப் போயிருக்கின்றன. ஒன்றில்கூட நான் ஏறி உட்கார்ந்ததில்லை.

எங்கள் தெருவில் நான் சிறுமியாக இருந்தபோது ஆண்பிள்ளைகள்தான் ஓட்டுவார்கள். அப்பாவின் சைக்கிள் எங்கள் வீட்டில் இருந்ததிலேயே பெரிய பொருள். நடுவில் உயரமான கம்பி. அண்ணன்கள் கம்பிக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுவார்கள். எனக்குப் பின்னால் உட்காரத்தான் இடம். அப்புறம் காலேஜுக்கு பஸ். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டரின் பின்சீட்டு. வாழ்க்கை முழுக்க யாரோ ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன் என்பது அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

ப்ளஸ் ஒன்னில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். கோ-கோ டீமின் கேப்டன். அவள் அம்மா மைன்ஸ் கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை. மாலை வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"உன் சைக்கிளைக் கொஞ்ச நேரம் தர்றியா?"

"யாருக்கு டீச்சர்?"

"எனக்குத்தான்."

அவள் சாவியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு நான் நகராமல் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் சாவியைப் பார்த்தேன்.

"டீச்சர்... உங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

"மெதுவாப் பேசு."

அவள் கண்ணில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! வாத்தியாருக்கே தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகம் அது. மறுநாள் மாலைக்குள் கோ-கோ டீம் முழுவதும் பயிற்சியாளர்களாகிவிட்டது. ரகசியம் என்றுதான் சொல்லியிருந்தேன். ஒன்பது பேருக்குத் தெரிந்த ரகசியம்.

பள்ளி மைதானத்தில் ஆரம்பித்தோம். சேலையில் முடியாது என்பதால் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்கே பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒருத்தி ஹாண்டிலைப் பிடித்தாள், ஒருத்தி சீட்டைப் பிடித்தாள், மற்றவர்கள் இரண்டு பக்கமும் ஓடிவந்தார்கள். ஊர்வலம் மாதிரி இருந்தது.

"டீச்சர், கீழ பாக்காதீங்க! நேரா பாருங்க!"

"பாத்துட்டுதானே இருக்கேன்!"

"இல்ல, சக்கரத்தைப் பாக்கறீங்க. புக்கைப் பாக்காம பதில் சொல்லுனு எங்களைச் சொல்வீங்கல்ல, அதே மாதிரிதான்."

அவர்கள் எனக்கு மார்க் போட ஆரம்பித்தார்கள். முதல் வாரம் முழுக்க ஃபெயில். பிரேக்குக்கு மட்டும் பாஸ். ஏனென்றால் நான் எந்நேரமும் பிரேக்கையே பிடித்துக்கொண்டிருந்தேன். "பிரேக்க விட்டாத்தானே டீச்சர் வண்டி போகும்?" என்று நெட்டைப் பெண் பொறுமையாகக் கேட்பாள். ஒரு பாடத்தைப் பத்து தரம் சொல்லியும் புரியாத பிள்ளையிடம் நான் எப்படிப் பேசுவேனோ, அதைவிட நல்ல குரலில் பேசினாள்.

எனக்குப் பயம் விழுவதில் இல்லை. விழுவதைப் பார்க்கிறவர்களிடத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பயமும் போனது. எங்கள் பிளாக்கில் ரோடு அகலம், இரண்டு பக்கமும் மரம், அந்த நேரத்தில் ஆளே இருக்காது என்று நம்பி, கணவர் எனக்காக வாங்கிவந்த பழைய லேடீஸ் சைக்கிளை வெளியே எடுத்தேன். அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. திருப்பத்தில் எதிரே ஒரு நாய் படுத்திருந்தது. நாயைப் பார்த்தேன். நாயையே பார்த்தேன். சைக்கிள் நாயை நோக்கிப் போனது. நாய் எழுந்து போய்விட்டது. நான் அது போன வழியிலேயே போய், ஒரு குவார்ட்டர்ஸின் வேலியைத் தாண்டி, கீரைப் பாத்தியில் உட்கார்ந்திருந்தேன்.

அது கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்காவின் வீடு. அவர் கணவர் பவர் ஸ்டேஷனில் இருக்கிறார். அக்கா கையில் காபி டம்ளரோடு வெளியே வந்து, என்னையும் கீரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங் டீச்சர், இத்தனை பெரிய டவுன்ஷிப்ல என்ற கீரைப் பாத்திதான் கிடைச்சுதுங்ளா உங்களுக்கு?"

எழுந்திருக்க முடியாமல் சிரித்தேன். கணவர் ரோட்டில் நின்று சிரித்தார். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கிவிட்டு, முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னேன். ஜெர்மனி, ஏரி, பிள்ளைகள், காரில் நிற்கும் அம்மா எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட, அப்பிடிங்ளா!" என்றார் அக்கா. "அப்ப நீங்க கார்ல போயி நிக்கவே கூடாதுங். நான் ஸ்கூட்டி பழகறப்ப உங்களைவிட மோசமுங். ஒரு பால்காரர் கேனையே கவுத்துட்டேன். நாளையிலிருந்து இந்த வேலியத் திறந்தே வைக்கறேன், நேரா உள்ளயே வந்துருங்."

அன்று மதியம் நசுங்கிப்போன கீரையை அக்கா கடைந்து எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு பிளாக்கில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காலையில் நடக்கப் போகிறவர்கள் என்னைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர்கள் பைக்கை மெதுவாக்கி, "ஜெர்மனி எவ்ளோ தூரம் டீச்சர்?" என்பார்கள். "இதோ, அடுத்த திருப்பம்தான்" என்பேன்.

எனக்கு சைக்கிள் ஓட்ட வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று மைதானத்தில் நெட்டைப் பெண் சீட்டைப் பிடித்தபடி பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தாள். நான் கோல்போஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். "விட்டுடாதே, விட்டுடாதே" என்று சொல்லிக்கொண்டே போனேன். பதில் இல்லை. கோல்போஸ்ட்டைச் சுற்றித் திரும்பினால், அவள் தூரத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். பக்கத்தில் மொத்த டீமும் கத்துகிறது. எப்போது விட்டாள் என்றே தெரியவில்லை. காதில் காற்று மட்டும் கேட்டது. வயிற்றுக்குள் ஏதோ லேசானது. சின்ன வயதில் கிணற்றுக்குள் குதிக்கும்போது வருமே, அந்த மாதிரி. மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். நிறுத்தத்தான் தெரியவில்லை. கடைசியில் நான்கு பேர் ஓடிவந்து பிடித்து நிறுத்தினார்கள்.

"பாஸ் டீச்சர்!" என்றாள் நெட்டைப் பெண். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஏறறதுக்கும் எறங்கறதுக்கும் மட்டும் அரியர் இருக்கு" என்றாள்.

அந்த அரியர் கடைசி வரை தீரவில்லை. ஓட ஆரம்பித்துவிட்டால் ஓட்டிவிடுவேன். ஏறுவதற்குத்தான் ஒரு கல்லோ நடைபாதை விளிம்போ வேண்டும், அதில் ஒரு காலை ஊன்றிக்கொள்ள.

சைக்கிள் ஒரு பக்கம் என்றால் ஆங்கிலம் இன்னொரு பக்கம். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், பேசும்போது நாக்கு காலை வாரும். ஜெர்மனி டீச்சரோடு வாரா வாரம் பேச வேண்டியிருந்ததால், முதலில் வாக்கியங்களைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துவிட்டு உட்காருவேன். மூன்றாவது காலிலோ நாலாவது காலிலோ அவரே சொன்னார். ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த அந்தக் காலத்தில் அவர் வளர்ந்த கிழக்குப் பகுதியில் பள்ளியில் சொல்லிக்கொடுத்த அந்நிய மொழி ரஷ்யன்தானாம். ஆங்கிலம் அவர் பெரியவரான பிறகு தானாகக் கற்றுக்கொண்டது. "உங்களோடு பேசுவதற்கு முன்னால் என் மகளிடம் ஒத்திகை பார்க்கிறேன்" என்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி! அதற்குப் பிறகு வார்த்தை கிடைக்காவிட்டால் இருவரும் கையால் பேசினோம், தாளில் படம் போட்டுக் காட்டினோம். நம் ஊர்ச் சுரங்கத்தில் மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தை, அந்த ராட்சசச் சக்கரத்தை, நான் வரைந்து காட்டியபோது அவர் எழுந்து போய் ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். அச்சு அசல் அதே இயந்திரம். அதன் முன்னால் ஹெல்மெட் போட்ட ஒருவர். "என் அப்பா" என்றார்.

நான் போனைத் திருப்பி, பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்த என் கணவரைக் காட்டினேன். "மை ஹஸ்பண்ட். சேம் மைன்ஸ்" என்றேன். இவர் பனியனோடு நின்றவர், பாதி மடித்த போர்வையை மார்பில் பிடித்துக்கொண்டு, "குட் ஈவினிங் மேடம்" என்றார்.

சைக்கிள் பழகியதை ஜெர்மனி டீச்சரிடம் நான் சொல்லவில்லை. அங்கே போய்க் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பாஸ்போர்ட் வந்தது. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வந்தவர் பிளாக்கில் விசாரித்தபோது, "யாரு, சைக்கிள் டீச்சரா?" என்று யாரோ கேட்டார்களாம். விசாவும் வந்தது. கம்பளிக்கு மட்டும் கஷ்டப்பட்டோம். நெய்வேலி வெயிலில், பங்குனி மாதத்தில் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார். கடைசியில் கீரைப் பாத்தி அக்கா, ஊட்டியில் இருக்கும் தன் தங்கையிடம் சொல்லி ஒரு ஜாக்கெட் வரவழைத்தார். போட்டுப் பார்க்கச் சொல்லி ஃபேனுக்குக் கீழே என்னை நிறுத்தி வைத்தார். வேர்த்து ஊற்றியது. "நல்ல ஜாக்கெட்டுங், குளிரே தெரியலை பாருங்" என்றார்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. அம்மா இருப்பது முத்தாண்டிக்குப்பம் தாண்டி உள்ளே போகும் ஒரு ஊரில், நான் பிறந்த தெருவில். அண்ணன் வீட்டோடு இருக்கிறார். வழக்கமாக ஸ்கூட்டரில் போவோம். அன்று காலையில் கணவர் ஸ்கூட்டரை எடுத்தபோது, "நான் சைக்கிள்லயே வர்றேன்" என்றேன். ஏரிப் பாதை நீளமானது. அவ்வளவு தூரம் என்னால் மிதிக்க முடியுமா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "நீ போ. நான் பின்னாலயே வந்துகினு இருக்கேன்" என்றார்.

வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பினோம். டவுன்ஷிப்பைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. செம்மண் ரோட்டோரம். பலா மரங்களில் அடிமரத்திலிருந்தே காய்கள் தொங்கின. லாரி வந்தால் கணவர் பின்னாலிருந்து ஹாரன் அடித்து எனக்குச் சொல்வார், நான் ஓரம் கட்டுவேன். முழங்கால் வலித்தது. மூச்சு வாங்கியது. ஆனால் அந்த ரோட்டை அத்தனை மெதுவாக, அத்தனை முழுசாக அதுவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். தெரு முனையில் திரும்பும்போது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. முந்திரித் தோப்புகளிலும் கடலைக் கொல்லைகளிலும் கூலி வேலை பார்த்தவர் அவர், பிறகு கொஞ்ச காலம் மைன்ஸில் கான்ட்ராக்ட். சைக்கிளில் பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு வருவார். இந்த முனை வந்ததும் இறங்கிவிடுவார். ஊர்த்தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டே நடப்பார், முடிந்ததும் மறுபடி ஏறிக்கொள்வார். "ஏம்ப்பா எறங்கற?" என்று கேட்டால், "மணலும்மா, ஓட்ட முடியாது" என்பார். மழை பெய்து மண் இறுகிக் கிடந்த நாட்களிலும் இறங்கித்தான் தள்ளினார். அது மணல் இல்லை என்று எனக்குப் புரிந்தபோது நான் ஹைஸ்கூலில் இருந்தேன். அவரிடம் அதைப் பற்றி நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இப்போது அந்தத் தெருவில் சிமென்ட் ரோடு. எங்கள் பிள்ளைகள் பைக்கில் பறக்கிறார்கள். அண்ணன் மகன் இதே தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறான். யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. நானும் எத்தனையோ தடவை ஸ்கூட்டரில் போயிருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. சைக்கிளில் வந்ததால்தானோ என்னவோ, ஹாண்டிலைப் பிடித்திருந்த கை இறுகியது. மிதித்தேன்.

தெரு நடுவில் டீக்கடை. வெளியே பெஞ்சில் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர். அதில் ஒருவருடைய பேத்தி என்னிடம் படித்தவள்.

"யாரு, நம்ம டீச்சரா? இன்னாமா இது, சைக்கிள்ல வந்துகினு இருக்க! எறங்கி ஒரு டீ சாப்ட்டுப் போம்மா!"

"எறங்க மாட்டேங்க!" என்று கத்தினேன். "எறங்கினா எனக்குத் திரும்ப ஏறத் தெரியாது!"

டீக்கடையே சிரித்தது. அந்தப் பெரியவர் எழுந்து நின்று, "அப்ப எறங்காத, போ, போ!" என்று கையை வீசினார். நான் சொன்னது உண்மை. கல் இல்லாமல் எனக்கு ஏற வராது. ஆனால் அடுத்த பத்தடி போவதற்குள் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே காதில் விழுந்தது. சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்துவிட்டன. ரோடு சரியாகத் தெரியவில்லை. விடாமல் மிதித்தேன்.

அம்மா வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். நான் அண்ணன் வீட்டுச் சுவரில் காலை ஊன்றி ஒரு மாதிரி நின்றேன்.

"இன்னாடி இது? வூட்டுக்காரு எங்க? நீ மட்டும் சைக்கிள்லயா வந்த?"

"அவர் பின்னால வர்றாரும்மா. நானேதான் ஓட்டிட்டு வந்தேன். நெய்வேலியிலிருந்து."

"ஊர்த்தெரு வழியாவா?"

"ஆமா."

"எறங்காமலா?"

"எறங்கல."

 அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து ஹாண்டிலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஒரு சுத்து ஓட்டு. நான் பாக்கணும்" என்றார்.

சுவரில் காலை ஊன்றி மறுபடி கிளம்பினேன். எங்கள் தெருக் கோடி வரை போய்த் திரும்பினேன். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். என் வயதுப் பெண்கள், நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள். யாரோ விசில் அடித்தார்கள். அம்மா காயவைத்த முந்திரிக்கு நடுவில் நின்று, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை நான் அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "ஒங்கப்பா இருந்தா இன்னிக்கு ஊருக்கே டீ வாங்கிக் குடுத்திருப்பாரு" என்றார்.

அன்று அங்கேயே மீன் குழம்பு சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பினோம். அம்மா வறுத்த முந்திரியைப் பெரிய டப்பாவில் அடைத்துக் கொடுத்தார், அந்த ஊர் டீச்சருக்கு.

பெட்டி கட்டுவதில் வீடு இரண்டுபட்டது. கணவருக்கு ஊறுகாய் போயே ஆக வேண்டும், எனக்கு ஊறுகாய் வேண்டாம். அக்கா பருப்புப் பொடி கொண்டுவந்தார். கோ-கோ டீம் பிள்ளைகள் ஒரு சார்ட் பேப்பரில் எங்கள் ஊரை வரைந்து தந்தார்கள். சுரங்கம், பெல்ட், புகைபோக்கி, மரங்கள், ரோட்டில் சைக்கிளில் ஒரு டீச்சர். டீச்சருக்குக் கிரீடம் வைத்திருந்தார்கள். பெட்டியைப் பள்ளியின் எடை பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தோம். எடை கூடுதலாக இருந்ததும் நான் ஊறுகாயை எடுத்தேன். கணவர் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு என் ஹேர் டிரையரை எடுத்தார்.

சென்னைக்கு வேன் கிளம்பும்போது பாதி பிளாக் வாசலில் நின்றது. நெட்டைப் பெண் மட்டும் கிட்டே வந்து, காதோரமாக, "டீச்சர், அங்க வலது பக்கமா ஓட்டணும். மறந்துடாதீங்க" என்றாள். அதை நான் யோசிக்கவே இல்லை.

ஏரியைச் சுற்றப் போன நாள் வெயில் அடித்தது. ஆனால் குளிர்ந்தது. ஜாக்கெட்டை மேல் பொத்தான் வரை போட்டிருந்தேன். முன்பு சொன்னபடியே எனக்கென்று காரை ஏற்பாடு செய்துவிட்டு வந்த ஜெர்மனி டீச்சரிடம், "நானும் சைக்கிள்" என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏதோ அவர் மொழியிலேயே சொன்னார். புரியாமலே புரிந்தது. நடைபாதை விளிம்பைத் தேடிக் காலை ஊன்றிக் கிளம்பினேன்.

கடைசியாகத்தான் வந்துகொண்டிருந்தேன். ஏரியிலிருந்து எதிர்க்காற்று. நிறுத்தும் இடங்களில் அவர் அந்த ஊரைப் பற்றிச் சொன்னார், நான் நெய்வேலியைப் பற்றிச் சொன்னேன். தரைக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, கரி எடுக்க அதை எப்படி இறைத்துக்கொண்டே இருக்கிறோம் என்று சொன்னபோது பிள்ளைகள் நிறையக் கேள்வி கேட்டார்கள். என் ஆங்கிலத்தை யாரும் திருத்தவில்லை. அவர்களுடையதை நானும் திருத்தவில்லை.

பாதி வழியில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்த ஒரு பெண் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தாள். நான் ஓட்டும் விதம் அவளுக்கு விசித்திரமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்கள் எவ்வளவு காலமாக சைக்கிள் ஓட்டுகிறீர்கள்?"

"மூன்று மாதம்."

"மூன்று வருடமா?"

"இல்லை. மாதம். எனக்கு என் மாணவிகள்தான் கற்றுக்கொடுத்தார்கள்."

 உடனே முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களை நோக்கி அவள் மொழியில் எதையோ பெரிதாகக் கத்தினாள். அது வரிசையில் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போவது தெரிந்தது. முதலில் ஒரு மணி அடித்தது, அப்புறம் இன்னொன்று. கடைசியில் ஏரிக்கரை முழுக்க அத்தனை சைக்கிள்களின் மணியும் ஒன்றாக அடித்தது. எதற்கு என்று கேட்கவே தோன்றவில்லை. கட்டை விரலை நீட்டித் துழாவி, நானும் அடித்தேன்.